பாண்டோ பார்க்க மட்டும் இல்லை, போடவும் வாங்கோ: தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் அம்மா அப்பாமாருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகத்தில இருக்கிற ஆக்களுக்கும், சனிக்கிழமை காலமை பிள்ளையளை வகுப்பில விட்டிட்டு கார் பார்க்கில நிண்டு கதைக்கிற அம்மா அப்பாமாருக்கும் வணக்கம்.

என்ன கேக்கப்போறன் எண்டதை முதலே சொல்லிப்போடுறன், காரணத்தை ஆறுதலாச் சொல்லுறன். வாற செப்டெம்பரில உங்கட ரவுணில இருக்கிற நாடகக் குழு பாண்டோ எண்ட நத்தார் காலத்துக் குடும்ப நாடகத்துக்கு ஆள் சேர்க்கேக்க பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாசலில இறக்கிவிட்டிட்டு வராதேங்கோ, நீங்களும் உள்ள போங்கோ. தமிழ்ப் பள்ளிக்கூடங்களிட்டக் கேக்கிறது அதைவிடச் சின்னன். ஷோ நடக்கிற அந்த ஒரு சனிக்கிழமையும் அதுக்கு முந்தின கிழமை ரிகர்சல் சனிக்கிழமையும் அந்தப் பிள்ளையளுக்கு லீவு குடுங்கோ, அதைக் காரணம் காட்டி ஆண்டுவிழா நிகழ்ச்சியில இருந்து அவையின்ர பேரை வெட்டாதேங்கோ.

நான் இருக்கிறது லண்டனுக்கு வெளியில ஒரு ரவுண். இஞ்ச சர்ச் ஹோலில வருசா வருசம் ஜனவரி கடைசியில பாண்டோ போடுற ஒரு குழு இருக்கு, ஒருத்தருக்கும் ஒரு பென்ஸ் சம்பளம் இல்லை, போஸ்ட்மேன், ரிட்டயர் ஆன ரீச்சர், பார்மசியில நிக்கிற பிள்ளை, பிளம்பர் எண்டு எல்லாரும் வேலை முடிச்சு வந்து செய்யிறது தான். நான் உடுப்புப் பகுதியில தைக்கிறன், மகள் கூட்டமாப் பாடி ஆடுற கோரஸில இருக்கிறாள். ஹோல் நிரம்புதோ எண்டு கேட்டா நல்லா நிரம்பும், அதிலயும் சனிக்கிழமை மத்தியான ஷோவில பாதிச் சனம் எங்கட சனம், அம்மம்மா அப்பப்பா கைக்குழந்தை எண்டு குடும்பம் குடும்பமா வருவினம், பார்க்கவே அவ்வளவு சந்தோசமா இருக்கும். ஆனா திரைக்குப் பின்னால வந்து பாருங்கோ, நானும் மகளும் இன்னொரு தமிழ்க் குடும்பமும், அவ்வளவு தான். லைட் போடுறவர், செட் அடிக்கிறவர், இடைவேளைக்கு ரீ ஊத்துறவை எல்லாருக்கும் எழுபது வயசு தாண்டிட்டுது. கோவிட்டுக்குப் பிறகு கனபேர் திரும்பி வரேல்லை. போன முறை கடைசி நாள் செட் கழட்டேக்க, அடுத்த வருசம் போட ஆள் காணுமோ தெரியாது எண்டு குழுவை நடத்திற மனுசி சொல்லிப்போட்டு பேசாமல் ஆணியைக் கழட்டிக்கொண்டு நிண்டவ. அண்டைக்கு முடிவெடுத்தது தான் இந்தக் கடிதத்தை எழுத வேணும் எண்டு.

கேர் வேலைக்கும் ஐடிக்கும் ஹொஸ்பிட்டலுக்கும் எண்டு இப்ப ஊரில இருந்து புதுசா வந்த குடும்பங்கள் கனக்க இருக்கு, அவைக்காக பாண்டோ எண்டா என்னெண்டு கொஞ்சம் சொல்லுறன். நத்தாரை ஒட்டி வாற குடும்ப நாடகம் இது. கதை எல்லாருக்கும் தெரிஞ்ச தேவதைக் கதையா இருக்கும், சின்ட்ரெல்லா, ஜாக்கும் அவரைக்கொடியும், தூங்கும் அழகி, அலாவுதீன் இப்பிடி. பெரிய தியேட்டர்களில டிசம்பர் முழுக்க ஓடும், ரிவியில வாற ஆக்கள் நடிப்பினம், நாலு பேர் குடும்பமாப் போனா நூறு பவுணுக்கு மேல போயிடும். ஊர்க் குழுக்கள் கனபேர் அதோட மோதாமல் ஜனவரி பெப்ரவரியில தங்கட பாண்டோவைப் போடுவினம், ரிக்கெட்டும் மலிவு, பக்கத்து வீட்டுக்காரரை மேடையில பார்க்கவும் ஏலும்.

இதில பார்க்க வாற சனத்துக்கும் பங்கு இருக்கு, அது தான் இதின்ர உயிரே. தேவதை எப்பவும் நடிகருக்கு வலப்பக்கத்தால வருவா, வில்லன் இடப்பக்கத்தால வருவான், அது பழைய வழக்கம், இண்டைக்கும் மாத்திறேல்லை. வில்லன் காலடி வைச்ச உடன ஹோல் முழுக்க ஊளையிடும். மேடையில பேய் ஒண்டு பின்னால வந்து நிக்கும், நடிகருக்குத் தெரியாது, சின்னப் பிள்ளையள் எல்லாம் எழும்பி நிண்டு உனக்குப் பின்னால உனக்குப் பின்னால எண்டு தொண்டை கிழியக் கத்துங்கள். மேடையில இருந்து இல்லவே இல்லை எண்டு ஒரு குரல் வரும், ஓம் எண்டு கீழ இருந்து நூறு குரல் போகும். கதாநாயகன்ர வேசத்தை ஒரு இளம் பொம்பிளை கட்டுறது ஒரு காலத்து வழக்கம், இப்பவும் கன இடத்தில அப்பிடித்தான். கதாநாயகன்ர அம்மா வேசம், டேம் எண்டு சொல்லுவினம், அதை ஒரு ஆம்பிளை பெரிய கொண்டையும் விரிஞ்ச பாவாடையும் போட்டுக்கொண்டு வந்து ஆடுவார். கடைசியில ஒரு பாட்டு, அதின்ர வரியைப் பெரிய துணியில எழுதித் தொங்கவிட்டு முழு ஹோலையும் பாடப்பண்ணுவினம்.

எங்கட அம்மம்மாமாருக்கு இங்கிலீஷ் விளங்காது, கூட்டிக்கொண்டு போய் என்ன பிரயோசனம் எண்டு ஒரு அக்கா என்னட்டக் கேட்டவ. நான் திரைக்குப் பின்னால நிண்டு பார்க்கிறனான், எந்த அம்மம்மாவும் ஒண்டும் விளங்காமல் இருந்ததா நான் காணேல்லை. வில்லன் வரேக்க பேரப்பிள்ளைக்கு முந்தி அவை தான் சத்தம் போடுகினம்.

இது இண்டைக்கு நேற்று வந்த கலை இல்லை. 1700களின்ர தொடக்கத்தில லண்டனில ஜோன் ரிச் எண்டவர் இத்தாலி நாட்டு முகமூடிக் கூத்தாட்டத்தில இருந்து ஹார்லெக்வின் எண்ட பகிடிக்கார வேலைக்காரன்ர வேசத்தை எடுத்து பேசாமலே ஆடிக் காட்டினவர், சனம் அள்ளுப்பட்டுப் போய்ப் பார்த்தது. பிறகு ஜோசப் கிரிமால்டி, 1806இல கொவென்ற் கார்டன் தியேட்டரில மதர் கூஸ் எண்ட வாத்தம்மா கதையில கோமாளியா ஆடி லண்டனையே பிடிச்சவர், கோமாளி முகத்துக்கு வெள்ளை பூசி சிவப்புக் கீறுற வழக்கத்தை நிலைக்கப்பண்ணினதும் அவர் தான், அவற்றை கல்லறை இஸ்லிங்டனில அவற்றை பேரில இருக்கிற பார்க்கிலயே இருக்கு. அந்தக் காலத்தில லைசன்ஸ் இருக்கிற ரெண்டு மூண்டு தியேட்டர் மட்டும் தான் வசன நாடகம் போடலாம் எண்டு சட்டம் இருந்தது, 1843இல அந்தச் சட்டம் மாறினாப் பிறகு தான் எல்லா இடத்திலயும் பேச்சும் சிலேடையும் பகிடியும் பாண்டோவுக்குள்ள வெள்ளம் மாதிரி வந்தது. டேம் வேசத்தை ஒரு பெரிய கலையாக்கின நடிகர் டான் லீனோ ட்ரூரி லேன் தியேட்டரில ஆடினது அதுக்கும் பிறகு, விக்டோரியா ராணி காலத்துக் கடைசியில.

ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போற எல்லாருக்கும் ஆர்ச்வே ஸ்டேசன் தெரியும். ஸ்டேசனால வெளியில வந்து ஹைகேற் ஹில்லில கொஞ்சம் ஏறினா றோட்டோரத்தில ஒரு பழைய கல் நிக்கும், மேல ஒரு பூனை இருக்கும், சுத்திவர இரும்புக் கம்பி. அது டிக் விட்டிங்டன்ர கல். காசில்லாமல் நாட்டுப்புறத்தில இருந்து லண்டனுக்கு வந்த பெடியன், இஞ்ச படுற கஷ்டம் தாங்கேலாமல் திரும்பிப் போகேக்க அந்த இடத்தில நிண்டு கோயில் மணிச் சத்தத்தைக் கேட்டு, திரும்பி வா, நீ லண்டனுக்கு மேயர் ஆவாய் எண்டு மணி சொல்லுற மாதிரிக் கேட்டு மனசு மாறித் திரும்பினான் எண்டது கதை. கதை கதை தான், ஆனா ரிச்சர்ட் விட்டிங்டன் எண்ட மனுசன் உண்மையா இருந்தவர், லண்டன் மேயரா இருந்தவர், 1423இல செத்தவர், பக்கத்தில இருக்கிற விட்டிங்டன் ஹொஸ்பிட்டலும் அவற்றை பேர் தான். எங்கட எத்தினை பிள்ளையள் அந்த ஹொஸ்பிட்டலில பிறந்ததுகள். கையில ஒண்டும் இல்லாமல் இந்த ஊருக்கு வந்து, போவமோ நிப்பமோ எண்டு தவிச்சு, பிறகு நிண்டு பிடிச்ச ஒரு பெடியன்ர கதையை இந்த நாட்டுச் சனம் வருசா வருசம் மேடையில ஆடிக்கொண்டிருக்கு, அந்தக் கதை எங்களுக்கு விளங்குற அளவுக்கு வேற ஆருக்கு விளங்கும் சொல்லுங்கோ.

தமிழ்ப் பள்ளிக்கூடப் பக்கத்தில இருந்து வாற முதல் கேள்வி எனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு எங்கட கலையைப் படிப்பிக்கவே நேரம் காணாது, இதில வெள்ளைக்காரற்றை கூத்து எதுக்கு எண்டு கேப்பினம். நான் அதை இளக்காரமா எடுக்கேல்லை, அது நியாயமான கவலை. ஆனா எங்கட கூத்து எப்பிடி நடந்தது எண்டதை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. மட்டக்களப்பில ஒரு ஊர் கூத்துப் பழகிறது எண்டா முதல் சட்டங் குடுப்பினம், ஆருக்கு எந்த வேசம் எண்டு பிரிச்சு அவையின்ர பாட்டை எழுதிக் குடுக்கிறது. பிறகு மாதக்கணக்கா இரவிரவாப் பழக்கம், சதங்கை அணியிறது, அடுக்குப் பார்க்கிறது எண்ட ஒத்திகை, அதுக்குப் பிறகு தான் களரி எண்ட ஆடுமேடையில அரங்கேற்றம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஒருத்தர் தாளத்தோட நிண்டு எல்லாரையும் ஆட்டுவிப்பார். பகலில வயலுக்குப் போறவனும் மீன்பிடிக்கிறவனும் இரவில அருச்சுனனா நிப்பான், பொம்பிளை வேசத்தையும் ஆம்பிளையள் தான் கட்டுவினம். யாழ்ப்பாணத்தில காத்தவராயன் கூத்து எண்டா நேர்த்திக்கு ஆடுறது, ஊரே சேர்ந்து தான் அதை எடுக்கும். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனா மயான காண்டம் பாடேக்க விடிய விடியப் பாயில இருந்து அழுத சனம் இண்டைக்கும் லண்டனில ஹரோவிலயும் ஈஸ்ட் ஹாமிலயும் உயிரோட இருக்கு, கேட்டுப் பாருங்கோ.

இப்ப எங்கட சர்ச் ஹோலைப் பாருங்கோ. செப்டெம்பரில எல்லாரும் வட்டமா இருந்து ஸ்கிரிப்ட் வாசிக்கிறது, பிறகு ஆருக்கு எந்த வேசம் எண்டு பிரிக்கிறது, மாதக்கணக்கா ரிகர்சல், கடைசிக் கிழமை லைட்டும் சவுண்டும் வைச்சு ஒரு ரிகர்சல், முழு உடுப்போட ஒரு ரிகர்சல், அதுக்குப் பிறகு சனம். பகலில பைப் திருத்திறவர் இரவில டேமா நிக்கிறார். ஊர்க் கூத்தில இருந்த அந்தக் கூடிச் செய்யிற பழக்கம் முப்பது வருசப் போரிலயும் பிறகு ஆளுக்கொரு நாட்டுக்குச் சிதறினதிலயும் எங்கட கையை விட்டுப் போனது. எங்கட ஆண்டுவிழாவில பிள்ளை அஞ்சு நிமிசம் ஆடிட்டு இறங்குது, அம்மா போனில எடுக்கிறா, அதோட முடிஞ்சுது, அடுத்த வகுப்புப் பிள்ளையள் என்ன செய்தவை எண்டும் அதுக்குத் தெரியாது. அந்த அஞ்சு நிமிசத்துக்குப் பின்னால ரீச்சர்மார் படுற பாடு எனக்குத் தெரியும், அதைக் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா நாலு மாதம் ஒரே கதைக்குள்ள இருந்து, மற்றவன்ர வசனத்தையும் பாடமாக்கி, அவன் மறந்தா மெல்லமா எடுத்துக் குடுத்து, தனக்கு வசனமே இல்லாத காட்சியில கூட முகத்தை வைச்சிருக்கப் பழகுற அந்தப் பயிற்சி இதில கிடைக்குது, இண்டைக்கு எங்கட பிள்ளையளுக்கு வேற இடத்தில லேசில கிடைக்காது.

ஒரு பெடியனைப் பற்றிச் சொல்லவேணும், பேர் வேண்டாம். ஸ்கூலில வாயே திறக்கமாட்டான், ரீச்சர் கேட்டாலும் நிலத்தைப் பார்ப்பான். அவன்ர அம்மா தயங்கித் தயங்கித் தான் கூட்டிக்கொண்டு வந்தவ. அந்த வருசம் ஜாக்கும் அவரைக்கொடியும் போட்டனாங்கள், அதில ஒரு பசு வரும், காசில்லாமல் அம்மாவும் மகனும் அதை விக்கிறதில தான் கதையே தொடங்கும். பசுவுக்குள்ள ரெண்டு பேர். முன்னுக்கு நிக்கிறவருக்கு பசுவின்ர வாயிலயிருக்கிற வலையால வெளியில தெரியும், பின்னுக்கு நிக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது, குனிஞ்சு முன் ஆளின்ர இடுப்புப் பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டு எண்ணிக்கைக்குக் கால் வைக்கவேணும், அதுவும் இருட்டில வெக்கையில. எனக்கு அது தாங்கோ எண்டு அவன் தான் கேட்டான். ஒருத்தரும் தன்னைப் பார்க்காத வேசம் எண்டு தான் கேட்டிருப்பான் எண்டு நினைக்கிறன். பசு ஆடத் தொடங்கினா ஹோலே சிரிக்கும், அந்தச் சிரிப்பு அவன்ர காலுக்கு வந்தது, ரெண்டாம் நாள் தானாவே ஒரு உதை கூடப் போட்டான், சனம் கைதட்டினது. அடுத்த வருசம் முன் கால். அதுக்கடுத்த வருசம் பேசுற வேசம், அரண்மனைக் காவல்காரன், பதினைஞ்சு வரி. இப்ப வீட்டுக்கு ஆக்கள் வந்தா முன்னுக்கு வந்து கதைக்கிறான் எண்டு அவன்ர அம்மா சொல்லேக்க அவவின்ர கண் கலங்கினது. எந்த மெடலும் இல்லை சேர்ட்டிபிக்கேட்டும் இல்லை.

அடுத்தது படிப்பு. எங்கட சனத்துக்கு கிராமர் ஸ்கூலுக்குப் போக எழுதுற லெவன் பிளஸ் சோதினை எண்டா நித்திரை வராது, எனக்கும் வரேல்லைத் தான். ஆனா அந்தச் சோதினை பெரும்பாலான இடங்களில செப்டெம்பரில முடிஞ்சிடும், பாண்டோ ரிகர்சல் சூடு பிடிக்கிறதே அதுக்குப் பிறகு தான். நாலு வருசமா ரியூசன் ரியூசன் எண்டு ஓடின பிள்ளைக்கு அந்த ஒக்டோபரில மூச்சு விட ஒரு இடம் வேணும், அந்த இடமா இது இருக்கட்டுமே. கோரஸ் பிள்ளையளுக்கு நத்தார் வரைக்கும் கிழமைக்கு ஒரு நாள் தான், ஜனவரியில தான் கூடும். பதினாறு வயசில எழுதுற ஜிசிஎஸ்ஈ சோதினை வருசத்துப் பிள்ளையை இந்த முறை வேண்டாம் எண்டு நீங்கள் மறிச்சா நான் ஒண்டும் சொல்லமாட்டன், அதுக்கு முன்னோடியா வைக்கிற மொக் சோதினையும் அதே நேரம் தான் வரும். ஆறாம் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையளை ஏன் மறிக்கிறியள் எண்டது தான் என்ர கேள்வி.

பாதுகாப்பைப் பற்றிக் கேக்கிற அம்மாமாருக்கு விவரமாச் சொல்லுறன், ஏனெண்டா இதைக் கேக்கத்தான் வேணும். இஞ்ச பள்ளிக்கூட வயசுப் பிள்ளையள் மேடை ஏறுறதுக்குச் சட்டம் இருக்கு, 1963ஆம் ஆண்டுச் சட்டமும், அதுக்குக் கீழ இங்கிலாந்துக்கு 2014இல வந்த விதிகளும். ஒண்டில் குழு ஒவ்வொரு பிள்ளைக்கும் கவுன்சிலிட்ட லைசன்ஸ் எடுக்கவேணும், அல்லது குழு முழுக்கவுக்கும் சேர்த்து ஒரு அனுமதி எடுக்கவேணும், சில விதிவிலக்குகளும் இருக்கு. லைசன்ஸ் எடுத்த பிள்ளையைத் தாய் தகப்பன் பார்க்காட்டி கவுன்சில் அங்கீகரிச்ச சப்பரோன் எண்ட பொறுப்பாள் ஒருத்தர் பார்க்கவேணும், ஒரு சப்பரோனுக்கு பன்னிரண்டு பிள்ளைக்கு மேல குடுக்கேலாது. உடுப்பு மாத்திற இடம் பெரியாக்களுக்கு வேற, பிள்ளையளுக்கு வேற. நீங்கள் போற குழுவிட்ட இதை நேராக் கேளுங்கோ, ஒழுங்கான குழு எண்டா கேட்டதுக்குச் சந்தோசப்படுவினம். முகம் சுழிச்சா அந்தக் குழு வேண்டாம். இன்னும் ஒண்டு, அந்தச் சப்பரோன் வேலைக்கே நீங்கள் போகலாம், குற்றப் பதிவு இருக்கோ எண்டு பார்க்கிற டிபிஎஸ் செக்கை கவுன்சில் செய்து சின்னப் பயிற்சி ஒண்டு தரும், எங்கட குழுவில அதுக்குத் தான் ஆள் பத்தாமல் இருக்கு. சப்பரோன் இல்லை எண்டா பிள்ளையளை மேடையில ஏத்தேலாது, அதால போன முறை கோரஸுக்கு வரக் கேட்ட கொஞ்சப் பிள்ளையளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. நாலு அம்மாமார் வந்திருந்தா அந்தப் பிள்ளையள் எல்லாம் மேடையில நிண்டிருப்பினம், அதை நினைச்சா எனக்கு இப்பவும் மனம் ஆறுதில்லை.

பகிடி ஆபாசமா இருக்குமோ எண்டும் கேக்கினம். பெரியாக்களுக்கு எண்டு கொஞ்சம் மறைச்சுச் சொல்லுற பகிடி இருக்கும், அது பிள்ளையளின்ர தலைக்கு மேலால போற மாதிரித் தான் எழுதுவினம். அளவு மிஞ்சினா அதைச் சொல்ல உள்ளுக்கு ஆள் இருக்கவேணும். அதைவிட முக்கியமான விசயம் ஒண்டு இருக்கு. பழைய அலாவுதீன் பாண்டோக்களில சீனச் சனத்தின்ர பேரையும் பேச்சையும் நக்கலடிச்சு, முகத்துக்கு மஞ்சள் பூசி ஆடினது உண்மை, கன குழுக்கள் இப்ப அதை விட்டுக்கொண்டு வருகினம், சில குழு இன்னும் விடேல்லை. கிழக்கத்தைய ஆக்கள் எண்டா இப்பிடித்தான் எண்டு ஆரோ நினைச்சு எழுதின வரியை, ஸ்கிரிப்ட் வாசிக்கிற மேசையில எங்கட ஆள் ஒருத்தர் இருந்து இது சரியில்லை எண்டு சொன்னா கேப்பினம். எங்கட குழுவில ஒரு வரியை அப்பிடி மாத்தினவை, சண்டை ஒண்டும் இல்லை, ஓ நாங்கள் யோசிக்கேல்லை எண்டு சொல்லிப் பேனையால வெட்டினவை. ஹோலில ரிக்கெட் எடுத்து இருந்துகொண்டு மனசுக்குள்ள நோகிறதால ஒண்டும் மாறாது.

இனி அம்மா அப்பாமார் என்ன செய்யலாம் எண்டு சொல்லுறன், நடிக்க வராது எண்டு பின்வாங்காதேங்கோ, நான் ஒரு நாளும் மேடை ஏறேல்லை. தைக்கத் தெரிஞ்சா அது பொன் மாதிரி. ஜாக்கின்ர அம்மா டேம் ட்ரொட் ஒரு ஷோவில ஏழெட்டு உடுப்பு மாத்துவா, ஒவ்வொண்டும் முந்தினதை விடப் பெருசா இருக்கவேணும். ஒரு மாத்தத்துக்கு எங்களுக்குக் கிடைக்கிறது ஒரு பாட்டு நேரம். பின்னால நீல லைட் மட்டும் எரியும், நான் ஒரு பக்கம் இன்னொராள் மற்றப் பக்கம், ஊசியோ பட்டனோ பாவிக்கிறேல்லை, முதுகில முழுக்க வெல்க்ரோ, ஒரு இழுவையில பழசு கழரும், புது உடுப்பை முன்னால விரிச்சுப் பிடிச்சா அவர் கையை விட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவார், கொண்டையை மேடைக் கரையில வைச்சுத் தான் போட்டுவிடுறது. போன முறை கடைசிக் காட்சிக் கலியாண உடுப்புக்குத் துணி வாங்கக் காசு இல்லை, வீட்டில அலுமாரியில கட்டாமல் கிடந்த சிவப்புப் பட்டுச் சாறியைக் கொண்டு போனன். ஒரு சாறியில அஞ்சரை மீட்டர் துணி, சரிகைக் கரையைப் பாவாடை விளிம்புக்கு வைச்சு மிச்சத்தை மடிப்பு மடிப்பா எடுத்தம். லைட் விழேக்க அது மின்னினதைப் பார்த்து முன்வரிசையில இருந்த எங்கட பொம்பிளையள் சாறி சாறி எண்டு காட்டிக் கதைச்சினம். உங்கட அலுமாரியிலயும் கிடக்கும்.

அப்பாமாரில கார்ப்பென்ரர் இருக்கிறியள், எலக்ட்ரிசியன் இருக்கிறியள், வான் வைச்சிருக்கிறியள். அவரைக்கொடி மேல போறதுக்கு ஒரு கப்பியும் கயிறும் சரியாக் கட்டத் தெரிஞ்ச ஆள் வேணும், செட்டை சாமான் பூட்டி வைக்கிற லொக்கப்பில இருந்து ஹோலுக்கு ஏத்தி இறக்க வான் வேணும். கணக்குப் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் எங்கட சனத்தில இல்லாமலோ? குழுவுக்கு ஒரு பொருளாளர் வேணும். தேவதைக் கதைக்கு உரிமை ஒருத்தருக்கும் இல்லை, ஆனா ஸ்கிரிப்டுக்கு லைசன்ஸ் காசு கட்டவேணும், பாட்டுக்குக் கட்டவேணும், ஹோல் வாடகை, இன்சூரன்ஸ், பெயின்ற் எண்டு போகும், ரிக்கெட் காசும் ரபிள் எண்ட பரிசுச் சீட்டுக் காசும் தான் வரவு, பாண்டோவில மிஞ்சிறதை வைச்சுத் தான் வசந்த காலத்து நாடகத்தையும் போடுறது. கோயில் மலருக்கு விளம்பரம் குடுக்கிற எங்கட கடைக்காரர் பாண்டோ புத்தகத்துக்கு ஒரு கால் பக்கம் குடுத்தா அது பெரிய உதவி.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. ஒரு பள்ளிக்கூடத்தில, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லேல்லை, பாண்டோவுக்குப் போன ரெண்டு பிள்ளையளை வரவு காணாது எண்டு பேச்சுப் போட்டியில சேர்க்கேல்லை. அந்தப் பிள்ளையள் வீட்ட வந்து, தமிழ் வேணுமோ நாடகம் வேணுமோ எண்டு கேக்கினம் எண்டு அழுதுதுகள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிட்ட அந்தக் கேள்வியை வைச்சா அது எதைத் தெரிவு செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? ரெண்டையும் வைச்சிருக்க விடுங்கோ. பாண்டோ ரிகர்சல் நாளையும் உங்கட தவணை நாள்காட்டியையும் ஜூலையிலயே ஒருக்காப் பக்கத்தில வைச்சுப் பார்த்தா மோதுறது ரெண்டு நாள் தான் வரும்.

அதோட எனக்கு ஒரு ஆசையும் இருக்கு. இப்பிடி ரெண்டு மூண்டு வருசம் போய்ப் பழகின பிள்ளையளும் பெற்றோரும் ஒரு பள்ளிக்கூடத்தில சேர்ந்தினம் எண்டா, பொங்கலுக்குத் தமிழிலயே ஒரு பாண்டோ போடலாம். காகமும் நரியும் வடையும் போதும், நரி வரேக்க பின்னால பின்னால எண்டு பிள்ளையள் தமிழில கத்தட்டும், பாட்டி வேசத்தை ஒரு அப்பா கட்டட்டும். எங்களிட்ட இதுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை, யாழ்ப்பாணத்தில 1978இல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கின குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளையளுக்கு எண்டு நாடகம் எழுதி, பிள்ளையளோட சேர்ந்து விளையாடிப் பழகி மேடை ஏத்தின மனுசர். அந்த வழியில படிச்ச ஆக்கள் இண்டைக்கு இந்த நாட்டிலயும் இருக்கினம். தமிழ் வகுப்பில எழுத்துக் கூட்டிக் களைச்சுப் போன பிள்ளை, மேடையில சொல்ல வேண்டிய வசனம் எண்டா நடு இரவிலயும் பாடமாக்கும், அதை நான் வீட்டிலயே பார்க்கிறன்.

பாண்டோவில ஒரு நம்பிக்கை இருக்கு, கடைசிக் காட்சியின்ர முடிவு ரெண்டு வரியை ரிகர்சலில ஒருத்தரும் சொல்லக்கூடாது, சனம் வந்திருக்கிற முதல் இரவு தான் அது முதல் தரமாச் சொல்லப்படும். மகளின்ர கூட்டம் நாலு மாதம் அந்த வரிக்கு முன்னால வந்து நிண்டு நிண்டு திரும்பினதுகள். முதல் ஷோ முடிவில அந்த ரெண்டு வரியும் கேட்ட உடன திரைக்குப் பின்னால இருந்த பிள்ளையள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சுத் துள்ளினதுகள், தமிழ் வெள்ளை போலிஷ் நைஜீரியன் எண்டு எல்லாப் பிள்ளையளும். இந்த ரவுணில எங்கட பிள்ளைக்கு இருபது வீட்டுக் கதவு திறந்தது அப்பிடித்தான்.

கன குழுக்கள் ஜூலை ஓகஸ்டிலயே செப்டெம்பர் கூட்டத்துக்கு அறிவித்தல் போடுவினம். லைப்ரரி நோட்டீஸ் போர்டில பாருங்கோ, சர்ச் ஹோல் வாசலில பாருங்கோ, 1899இல இருந்து நடக்கிற நோடா எண்ட அமைப்பில நாடு முழுக்க இருக்கிற அமெச்சூர் குழுக்கள் சேர்ந்திருக்கினம், அவையிட்டக் கேட்டாலும் உங்கட பக்கத்துக் குழுவைக் காட்டுவினம். நிர்வாகம் சனிக்கிழமை அறிவித்தலில இதை ஒரு வரி வாசிச்சு விடுங்கோ. முதல் நாளுக்கு பிள்ளைக்கு ஆட வசதியான சப்பாத்து, தண்ணிப் போத்தல், ஸ்கிரிப்டில கோடு போட ஒரு பென்சில், அவ்வளவும் போதும். வாற அம்மா அப்பாமார் கையில நேரம் எவ்வளவு இருக்கு எண்டதை மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ, மாதத்தில ஒரு பின்னேரம் எண்டாலும் அதுக்கு ஏற்ற வேலை அங்க இருக்கு.

அன்போட,
உடுப்புத் தைக்கிற ஒரு அம்மா